அழுத்திக்கொண்டே போனால் ஆழம் வராது: மசாஜ் பழகுகிறவர்கள் விடும் பிழைகள்

நகம் வெட்டாமல் வருவது, கை கழுவாமல் தொடுவது, போனைப் பார்த்துக்கொண்டே உருவுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். திருகோணமலை உப்புவெளியில் சீசன் தொடங்கினால் வருசா வருசம் இரண்டு மூன்று பெடியன்கள் புதிதாகப் பழக வருவார்கள். ஆர்வமானவர்கள், கையில் பலமும் இருக்கும். ஆனால் பதினைந்து வருசத்துக்கு முன் நான் விட்ட அதே பிழையை அவர்களும் அப்படியே விடுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க என்னால் முடியவில்லை.

பலத்தைக் காட்டுவது

போன மாதம் நடந்தது. கொழும்புக்கு பஸ் ஓட்டுகிற ஒருவர் பிடரியும் வலது தோளும் இறுகிப்போய் வந்தார். புதுத் தம்பி ஒருவரிடம் விட்டேன். கொஞ்சம் கழித்துத் திரைக்குப் பக்கத்தால் போகும்போது பார்க்கிறேன், குப்புறப் படுத்திருக்கிறவரின் கால்விரல் பத்தும் உள்ளே மடங்கிக் கிடக்கிறது, இடது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். தம்பியோ தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி முழுப் பாரத்தையும் இறக்கிக்கொண்டு நிற்கிறார். நிறுத்தச் சொன்னேன். "கட்டி இன்னும் உடையேல்லை அண்ணை" என்றார்.

அடுத்த நாள் அந்த ஓட்டுநர் போன் எடுத்தார், தோள் கன்றிப்போய் ஸ்டியரிங் திருப்ப நோகிறதாம். தம்பி அவருக்குச் சொன்ன பதில்: "நச்சு வெளியேறுது அண்ணை, ரெண்டு நாளில சரியாகும்."

எனக்குக் கோபம் வருவது இந்தப் பதிலில்தான். அங்கே நச்சு ஒன்றும் வெளியேறவில்லை, தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது. அதை உண்டாக்கியது நாங்கள். கழிவை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, அதற்கு எங்கள் முழங்கை தேவையில்லை. லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம் என்று சொல்வதும் இப்படித்தான். கடும் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் போல் ஆனால் உடம்பே அதை அகற்றிவிடும், மறுநாள் வரும் உளைவுக்கு அது காரணமும் இல்லை. காயப்படுத்திவிட்டு அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்தால், அந்த மனுசன் அடுத்த முறையும் நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார், உண்மையாகவே ஏதாவது பிழைத்தாலும் சொல்லமாட்டார்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சல்லிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஒரு அண்ணையால். நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருசம், நாரிப் பிடிப்பு என்று வந்தார். மணலில் குதிக்காலை ஊன்றிக்கொண்டு கயிற்றோடு பின்னால் பின்னால் நடக்கிற வேலை, நாரி பலகை மாதிரி இருந்தது. பலகையைப் பலத்தால்தான் இளக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் பெருவிரலாலும் முழங்கையாலும் இடித்துத் தள்ளினேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை, காசும் தந்து நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து வழியில் அவரைக் கண்டு வீட்டுக்குப் போனால், அவர் மனைவி ஒன்றும் பேசாமல் அவருடைய சேட்டை முதுகில் தூக்கிக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலம். மூன்று நாளும் வலைக்குப் போகவில்லை, பங்கு போய்விட்டது. அந்த வீட்டில் குடித்த தேத்தண்ணி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

என்ன நடக்கிறது என்றால், நோகும் அளவுக்கு அழுத்தியவுடன் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகுகிறது. அந்த இறுக்கத்தைக் கையில் உணர்கிற புதியவர், கட்டி இன்னும் இருக்கிறதே என்று மேலும் அழுத்துகிறார், அது மேலும் இறுகுகிறது. கடும் பிசையலுக்குப் பிறகு தசைநார் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க வாஃபரின் மாதிரி மருந்து குடிக்கிறவருக்கோ சாதாரண அழுத்தமே கன்றிவிடும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுவது, ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒன்பதில் அழுத்தல் ஒன்றே ஒன்று. கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்வீடிஷ் மசாஜை எடுங்கள், உருவல், பிசைதல், தேய்த்தல், தட்டல், அதிர்த்தல் என்று ஐந்து. (இந்த முறைகளுக்கு இன்று வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த மெட்ஸ்கர் என்ற ஒல்லாந்து வைத்தியர், பேர் மட்டும் ஸ்வீடனுக்குப் போய்விட்டது.) 1930களில் எமில் வொட்டரும் மனைவி எஸ்ட்ரிட்டும் பிரான்சில் உருவாக்கிய நிணநீர் மசாஜில் தோல் நகரும் அளவுதான் அழுத்தம், அதற்கு மேல் போனால் வேலையே கெட்டுவிடும். டீப் டிஷ்யூ (ஆழ்திசு மசாஜ்) என்று பலகையில் எழுதியிருந்தாலும் அதில் வரும் 'டீப்' எந்தப் படையில் வேலை செய்கிறோம் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு பலமாக என்பதை இல்லை.

சரி, எப்படிச் செய்வது? முதலில் சூடு. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழிலும் அள்ளி ஊற்றிவிட்டு வருகிறவரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும். அது இல்லாவிட்டால் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துவாய் பத்து நிமிசம். பிறகு உள்ளங்கை முழுவதும் பட நீளமாக உருவுங்கள், ஐந்து நிமிசத்துக்குக் குறையாமல். இறுகிய இடம் வந்தால் கையை வைத்து, மெல்லப் பாரத்தைச் சாய்த்து, தோல் தடுக்கிற இடத்தில் நில்லுங்கள். தள்ளாதீர்கள். அவர் மூச்சை வெளியே விடும்போது கை தானாக ஒரு நூல் கீழே இறங்கும், மூன்று நான்கு மூச்சில் நீங்கள் முழங்கையால் தேடிய இடத்துக்கு உள்ளங்கையே போய்விடும். நோவுக்குப் பத்தில் எத்தனை என்று கேளுங்கள், ஆறைத் தாண்டினால் குறையுங்கள். ஆனால் வாய் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம், எங்கள் ஆம்பிளைகள் பத்திலும் "பரவாயில்லை" என்பார்கள். கால்விரலைப் பாருங்கள்.

பெருவிரல்

மேலே சொன்ன பிழையின் மறுபக்கம் இது. நாள் முழுக்கப் பெருவிரல் நுனியால் குத்துகிறவருக்கு அதன் அடிமூட்டு தேய்ந்து, சில வருசத்தில் போத்தல் மூடி திறக்கவே சிரமப்படுவார், நான் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். முன்கையைப் பாவியுங்கள். மேசையின் உயரத்தையும் பாருங்கள், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல்மொழி மேசையில் முட்ட வேண்டும். அதைவிட உயர்ந்தால் பாரம் இறங்காது, தோளால் தள்ளத் தொடங்குவீர்கள்.

கேளாமல் தொடங்குவது

சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷருக்கு என்ன குளிசை, கிட்டடியில் ஒப்பரேசன் செய்ததா, விழுந்ததா. நாலு கேள்வி, இரண்டு நிமிசம். சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறவருக்குப் பாதம் மரத்திருக்கலாம், நீங்கள் அழுத்துவது கூடவா குறையவா என்று அவரால் சொல்லவே முடியாது.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்

தொடாதீர்கள். பத்து மணித்தியாலம் விமானத்தில் இருந்து, கட்டுநாயக்காவிலிருந்து இன்னொரு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் வந்த ஒரு வெள்ளைக்காரர் இடது கெண்டைக்காலைக் காட்டி பிடித்துவிடச் சொன்னார். மற்றக் காலைவிடப் பருத்து, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்பினேன், ஸ்கேனில் உள்நாளத்தில் ரத்தக்கட்டி. அதை உருவியிருந்தால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

புதுச் சுளுக்கு

முதல் இரண்டு மூன்று நாள் பிசையவேண்டாம்.

முள்ளந்தண்டு

எலும்பின் மேல் அழுத்தாதீர்கள், பக்கத்துத் தசையில் மட்டும்.

கழுத்தின் முன்பக்கம்

கை வைக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் போகும் நாடி அங்கேதான்.

முடிந்ததும் எழுப்பிவிடுவது

பிரஷர் குளிசை குடிக்கிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பக்கவாட்டில் திருப்பி, காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிசம் இருக்கவிடுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

எண்ணெய்ச் சூடு

ஒரு துளி முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில். பிறகுதான் அவருக்கு.