பழைய டிப்மேன் 98-இல் காற்றில் ஓடும் ஹாப்பர் மாட்டுவது எப்படி

பழைய டிப்மேன் 98 மார்க்கரில் (பெயிண்ட்பால் விளையாட்டில் சாயப் பந்து சுடும் துப்பாக்கி) சைக்ளோன் ஃபீட், அதாவது சக்கரம் சுழன்று பந்துகளை உள்ளே தள்ளும் ஹாப்பர், மாட்ட பேட்டரியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். சுடும்போது பின் போல்ட்டை (உள்ளே முன்னும் பின்னும் ஓடும் உருளை) தள்ளுகிற காற்றில் கொஞ்சத்தை ஹோஸ் வழியாகத் திருப்பிவிட்டால், அது ஒரு குட்டி பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தை ஒரு பந்து அளவுக்குச் சுழற்றிவிடும்.

முதலில் டேங்கைக் கழற்றி, மிச்சக் காற்றைப் பாதுகாப்பான பக்கம் பார்த்துச் சுட்டு வெளியேற்றுங்கள், முகக்கவசம் கட்டாயம். பாடியில் காற்றுத் துளை இல்லையென்றால் நாம்தான் போட வேண்டும். கண்ணளவு வேண்டவே வேண்டாம், ஃபீட் கிட்டின் குறிப்பில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு. இந்த வேலையைக் கெடுப்பது துளையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறுதான்: விரலில் லேசாக உறுத்தினாலே போதும், போல்ட்டின் ஓ-ரிங்கை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கீறிவிடும், அப்புறம் மார்க்கர் ஒழுங்காகக் காக் ஆகாது, அதாவது அடுத்த முறை சுடத் தயாராகாது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, தூளைத் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டுங்கள்.

ஹோஸ் எங்கும் மடங்கக் கூடாது. பந்து போடாமல் சுட்டுப் பாருங்கள். சக்கரம் பாதியில் நின்றால் ஹோஸ் முனைகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். சரி, ஓடுகிறதா? களத்தில் இறங்கும் முன் க்ரோனோவில் (வேகம் அளக்கும் கருவி) பந்தின் வேகம் பார்த்து, நொடிக்கு 300 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.