புகைமூட்டக் காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோலாலம்பூருக்குக் குடிவருகிறவர்களிடம் எல்லோரும் மழையைப் பற்றியும் திடீர் வெள்ளத்தைப் பற்றியும் சொல்லி அனுப்புகிறார்கள். புகையைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் ஒரு காலை ஜன்னலைத் திறந்தால் தெருவுக்கு எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தையே காணவில்லை. பனி என்றுதான் முதலில் நினைத்தேன். மூச்சை இழுத்ததும் ஈரச் சருகைக் கொளுத்தியது போல ஒரு வாடை. கொடியில் கிடந்த மகளின் பள்ளிச் சீருடையிலும் அதே வாடை. பக்கத்து வீட்டு அக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, ஜெரெபு வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்து, பிள்ளையை வெளியே விடாதே" என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் அது புகைமூட்டம்.

எரிவது பெரும்பாலும் கடலுக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தழையும் வேரும்தான் அங்கே மண். மலாயில் தானா கம்புட் என்பார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்காகவும் காகித மரங்களுக்காகவும் வாய்க்கால் வெட்டி அந்தச் சதுப்பின் நீரை வடித்துவிட்டால், நிலமே காய்ந்த எருவாட்டி போல ஆகிவிடுகிறது. தீ மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கொழுந்துவிட்டு எரியாமல் கனல்வதால்தான் இத்தனை புகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. கோலாலம்பூரைச் சூழ்ந்த சிலாங்கூரிலேயே கோலா லங்காட், ஜோஹான் செத்தியா பக்கம் இதே மண் உண்டு. மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கும் பற்றிக்கொள்வதுண்டு.

இது ஆண்டு தவறாமல் வருவதில்லை. வந்தால் கடுமையாக வரும். 1997ஐ இன்றும் பேசுகிறார்கள். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவித்தார்கள். 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டியது. அந்தக் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கொருமுறை இணையத்தில் வெளியிடுகிறது. 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 முதல் கெடுதல், 201 முதல் மிகக் கெடுதல், 300க்கு மேல் ஆபத்து. 2019இல் 200ஐத் தாண்டிய இடங்களில் பள்ளிகளை மூடினார்கள். என் வீட்டில் 100 வந்தாலே பிள்ளைகள் வெளியே விளையாடக் கூடாது. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பதாக இருந்தால், அவர்களுக்கு ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால், ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை வேண்டாம் என்றே சொல்வேன்.

வீட்டுக்கு வருவோம். இங்குள்ள வரிசை வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சுவரில் காற்றுத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். வெயில் நாட்டில் அது வரம்தான். புகை நாட்களில் நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருக்கும்போது புகை அதன் வழியாகத்தான் இறங்கும். கண்ணாடிப் பட்டைகள் கொண்ட பழைய ஜன்னல்களும் முழுதாக மூடாது. வீடு முழுவதையும் அடைக்க முயலாதீர்கள். இந்த வெப்பத்தில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே நோயாகும். குளிர்சாதனம் உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறையின் துவாரங்களைத் தடித்த பிளாஸ்டிக் தாளும் டேப்பும் கொண்டு மூடுங்கள். கதவின் கீழ் இடுக்கில் பழைய கைலியைச் சுருட்டி வையுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் அங்கேயே தூங்கட்டும்.

இங்கே வீடுகளில் சுவரில் மாட்டும் குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. வெளிப்புகையை இழுக்காது, உள்ளே வந்துவிட்ட நுண்துகளை வடிகட்டவும் செய்யாது. அதற்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். அந்த 2015இல் நான் நான்கு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தேன். முகக்கவசமும் அப்படித்தான். நமக்குக் கெடுதல் செய்யும் துகள் அதிகபட்சம் 2.5 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. சாதாரண நீலநிறக் கவசத்தின் ஓரங்களில் அது தாராளமாக நுழையும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் எனக்கு விடியாது. புகைமூட்ட நாட்களில் அதை நிறுத்தினேன், மனம் கேட்கவில்லை, ஆனாலும் நிறுத்தினேன். அடைத்த வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், மிளகாய் வற்றல் தாளிப்பு எல்லாம் சேர்ந்தால் வெளிப்புகையே தேவலாம் என்றாகிவிடும். கொசுவுக்கு மின்சாரத்தில் செருகும் திரவம் போதும். சமையலில் அந்த நாட்களுக்கு ரசம், இட்லி, கஞ்சி. துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த துகள் மறுபடி எழும், ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி நெருப்பு. பூச்சோங், ரவாங், கிள்ளான் போன்ற இடங்களில் பல தாமான்களின், அதாவது குடியிருப்புகளின், பின்புறம் லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் வைக்கோலாகிவிடும். வீசியெறிந்த ஒரு சிகரெட் துண்டு போதும். வீட்டின் பின்சந்தில் அட்டைப் பெட்டி, பழைய மெத்தை எதையும் அடுக்காதீர்கள். கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளிவிடுங்கள். பறந்து வரும் பொறி முதலில் அதைத்தான் பற்றும். அந்தச் சருகைக் கொல்லையில் கொளுத்தும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி இங்கே குற்றம்.

நான் மிகவும் அஞ்சுவது கம்பிக் கதவைத்தான். திருடனுக்குப் பயந்து இங்கே வாசலிலும் ஜன்னலிலும் இரும்புக் கிரில், அதன்மேல் பூட்டு. புகைக்கு அடைத்து, திருடனுக்குப் பூட்டி வைத்த வீடு, உள்ளே தீப்பிடித்தால் கூண்டாகிவிடும். ஒருநாள் இரவு மின்சாரம் போனபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் தேடினேன். கதவைத் திறக்க நான்கு நிமிடம் ஆனது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. மறுநாளே கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கையை நுழைத்தால் எட்டாத இடத்தில், மகளுக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். சாவி அங்கிருந்து வேறெங்கும் போகக் கூடாது. மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு அவளையே திறக்கச் சொல்கிறேன். மாடியறை ஜன்னல் ஒன்றின் கிரிலையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றித் தரச் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

சாமி விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். பாஸ்போர்ட், விசாவின் நகல், பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தபோது, பெருநாள் விடுமுறைக் காலையில் மக்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். அந்த நேரத்தில் அலமாரியைத் திறக்க முடியாது.

தீயணைப்புப் படையை இங்கே பொம்பா என்பார்கள். அழைக்க வேண்டிய எண் 999. பதற்றத்தில் மொழி வராது என்பதால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ருமா சாயா தெர்பாக்கார்", என் வீடு எரிகிறது. அடுத்து அவர்கள் முகவரி கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஜாலான் (தெரு) எண்ணும் தாமான் பெயரும் வாயில் நுழைய மாதங்கள் ஆகும். எங்கள் வீட்டில் அந்தச் சாவி ஆணிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 999, அந்த வாக்கியம், வீட்டு எண், ஜாலான், தாமான், பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசி எண். மகள் எழுதியது, பெரிய எழுத்தில்.