செல்ஃப் எடுக்காத பழைய பிக்கப்: கழற்றும் முன் அளந்து பாருங்கள்

டிசம்பர், ஜனவரியில் கேத்தி, கோத்தகிரிப் பக்கம் உறைபனி கொட்டிய காலை. கேரட் மூட்டை ஏற்ற வேண்டிய பழைய டீசல் பிக்கப், சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். உடனே இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போகிறோம். அவசரப்பட வேண்டாம். பனியிலும் மழையிலும் ஓடிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்காது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போய்த் திரும்பும் வழியில்தான் இருக்கும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், 10, 12, 13 ஸ்பேனர்கள், எமரி பேப்பர், சாவி திருப்ப ஒரு ஆள். இவ்வளவு போதும்.

இறக்கத்தில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி செகண்ட் கியரில் ஸ்டார்ட் செய்வது மலையில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்காது; இரண்டு மிதி மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே நிற்கும் வண்டியில் இது உயிர் போகும் விஷயம். சோதனைக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

இனி சத்தத்தைக் கேளுங்கள். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். செல்ஃபின் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுக்கும், மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் சரியும், சோலனாய்டு விட்டுவிடும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்தத் தாளம். ஒரே ஒரு கனமான 'டக்' என்றால் சோலனாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் சின்ன ஒயரைப் பாருங்கள். மோட்டார் 'விர்'ரென்று தனியாகச் சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால், மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பென்டிக்ஸ் போயிருக்கிறது. 'கரகர'வென்று பல் அரைபட்டால் முதலில் செல்ஃபைப் பிடிக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அப்புறம்தான் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியர்.

பேட்டரியை இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எல்லா அளவும் பொய் சொல்லும். மூடி திறக்கும் பேட்டரியானால், ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்தப் பேட்டரி தேறாது. குளிரையும் கணக்கில் எடுங்கள். பூஜ்யம் டிகிரிக்கு அருகில் பேட்டரியின் தள்ளும் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகிச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக எடுக்கும் வண்டி ஊட்டியில் படுத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது முக்கியமான சோதனை: ஓட்டத்தில் வோல்ட் எவ்வளவு வீணாகிறது என்று பார்ப்பது. இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள், அல்லது டீசல் பம்ப்பில் உள்ள ஸ்டாப் சோலனாய்டு ஒயரைக் கழற்றுங்கள். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, உதவியாளை ஐந்து விநாடி சாவி திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிடம் மோட்டார் ஆறட்டும்.

முதலில் பேட்டரியின் இரண்டு ஈயத் தலைகளிலும் மீட்டர் ஒயரின் முள்ளை வையுங்கள், கிளாம்பில் அல்ல. சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பிறகு பிளஸ் தலையில் ஒரு முள், சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் கீழ் போல்ட்டில் ஒரு முள்: 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் கேபிளோ சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புக் காண்டாக்டோ கெட்டிருக்கிறது. கடைசியாக மைனஸ் தலைக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே: 0.3-க்கு மேல் இருந்தால் எர்த் கோளாறு. தலையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து இன்ஜின் என்று படிப்படியாக முள்ளை நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கே இருக்கிறது கோளாறு.

மீட்டரை ஓமில் வைத்துத் தடையைப் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. டீசல் இன்ஜினைச் சுற்ற 200 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். ஒரு இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலையும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டாது. டெஸ்ட் லேம்பும் அங்கே பளிச்சென்று எரிந்து ஏமாற்றும்.

எர்த் பட்டையை மட்டும் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் உறவு அந்தப் பின்னல் செம்புப் பட்டை ஒன்றுதான். போல்ட் இறுக்கமாக இருக்கும். கழற்றிப் பாருங்கள்: பட்டை முனையின் வளையமான லக்குக்கு அடியில் பச்சைப் பொடி, அதற்குக் கீழே ஆயிலும் துருவும் சேர்ந்த கறுப்புப் படலம். சாவி திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடானால் வேறு ஆதாரமே வேண்டாம். எர்த் பட்டை அறுந்து, கரண்ட் அந்த வழியாகத் திரும்புகிறது. லக்கையும் அது உட்காரும் இடத்தையும் வெள்ளையாகப் பளபளக்கும் வரை எமரியால் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். பழைய வண்டிக்கு 35 சதுர மி.மீ. கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக செல்ஃப் பிடிக்கும் போல்ட்டுக்குக் கூடுதலாக இழுத்துவிடுவது நல்ல செலவு. பேட்டரியில் எந்த வேலைக்கும் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

சத்தமே வராத வண்டியில், சாவி திருப்பியபடி சோலனாய்டின் சின்ன டெர்மினலில் அளங்கள். 10 வோல்ட்கூட வரவில்லையென்றால் தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் அல்லது வழியில் கறுத்த கப்ளர். சுவிட்சை மாற்றிய பிறகு 40 ஆம்பியர் ரிலே ஒன்றும் வையுங்கள். அதன் கால்களில் எண் இருக்கும்: 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 சோலனாய்டுக்கு, 86-க்குப் பழைய ஸ்டார்ட் ஒயர், 85 எர்த். சோலனாய்டின் கரண்ட் ரிலே வழியாகப் போவதால் புதுச் சுவிட்ச் அதிக நாள் உழைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அந்தச் சுழலும் பாகமான ஆர்மேச்சரைத் தாங்கும் புஷ் ஆடினால் ஆர்மேச்சர் உரசும், புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பேட்டரி திரும்பத் திரும்ப இறங்கினால், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா பாருங்கள். பல டீசல் பிக்கப்புகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்யூம் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கும். அதன் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கிக் கார்பனை நனைத்துச் சார்ஜைக் கொல்லும். சீலை மாற்றாமல் கார்பன் மாற்றிப் பயனில்லை. சார்ஜ் சரியென்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து இணையுங்கள்; அந்த நிலையில் சாவி திருப்பக் கூடாது. 0.05 ஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் இருக்கும் டயோடு வழியாகக் கரண்ட் கசியலாம்.

பின்பக்க ஒயரிங்கில் மலை வண்டிக்கென்றே ஒரு வியாதி உண்டு. கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வழியும் தண்ணீர் பாடிக்கு அடியில் ஓடும் ஒயர்களையும் டெயில் லேம்ப் எர்த்தையும் நனைத்துக்கொண்டே இருக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த் போயிருக்கிறது. ஒயரைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டியெறிந்து, புது ஒயர் சேர்த்துச் சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.