மட் ஃபிளாப் மாட்டப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்

கார் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் இருக்கத் தொங்குகிற மட் ஃபிளாப் கழன்று விழுந்தால் எல்லோரும் ஃபிளாப்பைத்தான் திட்டுவார்கள். ஆனால் விழுந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள், ரப்பர் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டை கிழிந்திருக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் தலை ஒடிந்து போய் மீதி உடம்பு வண்டியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

என் வண்டியில் நடந்தது இரண்டாவது. வண்டி எடுத்த புதிதில் ஒரு ஆக்சசரீஸ் கடையில் நான்கு ஃபிளாப்பையும் பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு பின்பக்க இடது ஃபிளாப் ஆட ஆரம்பித்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபால்ஸ் சீலிங் போர்டு அடிக்கப் பயன்படுத்துகிற கருப்பு ஸ்க்ரூ! அது வீட்டுக்குள், நனையாத இடத்தில் வேலை செய்வதற்காகச் செய்தது. மேலே உள்ள கருப்புப் பூச்சு மழைத் தண்ணீரைத் தாங்காது. தவிர, அந்த ஸ்க்ரூவைக் கடினமாக்கித்தான் செய்வார்கள், அதனால் வளையாது, பட்டென்று ஒடியும். மட் ஃபிளாப்போ நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிற பொருள். கடையில் கருப்பாக, கூர்மையாக, எக்காளம் மாதிரி விரிந்த தலையோடு ஒரு ஸ்க்ரூவை எடுத்தார்கள் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

சரி, அப்படியென்றால் எதைப் போடுவது? ஸ்க்ரூ வாங்கப் போவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கருப்பு பிளாஸ்டிக் லைனரின் (சக்கரக் குழியின் உள்பக்கத்தை மூடியிருக்கிற உறை) ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஃபிளாப் உட்காருகிற அதே இடத்தில் கம்பெனி போட்ட ஸ்க்ரூவோ பிளாஸ்டிக் கிளிப்போ ஏற்கனவே இருக்கும். உங்கள் மாடலுக்கென்று அச்சு வார்த்து வருகிற ஃபிளாப் என்றால் அதன் ஓட்டைகள் இவற்றோடு நேராகப் பொருந்தும். எல்லா வண்டிக்கும் பொது என்று விற்கிற தட்டை ரப்பர் என்றால் நாம்தான் இடம் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவா, போல்ட்டா, கிளிப்பா, எது வேண்டும் என்பதை முடிவு செய்வது ஃபிளாப் இல்லை, அந்த ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரே ஃபிளாப்பில் மூன்று ஓட்டைக்கு மூன்று விதமான பதில் வரலாம்.

கம்பெனி ஸ்க்ரூ இருக்கிற இடம் என்றால் வேலை சுலபம். அதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அதே மரை, அதே தடிமன், நீளம் மட்டும் 4, 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் கேளுங்கள். ஏனென்றால் நடுவில் புதிதாக 3 மில்லிமீட்டர் ரப்பர் வந்து உட்காரப் போகிறது. பழைய ஸ்க்ரூவையே திருப்பிப் போட்டால் இரண்டு மரைதான் பிடிக்கும், மூன்றாவது வேகத்தடையில் கழன்றுவிடும். அந்த ஸ்க்ரூவுக்குப் பின்னால் லைனர் ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஒரு மடித்த தகடு இருக்கும், அதை யூ-நட் என்பார்கள். புது ஸ்க்ரூவை முதலில் விரலாலேயே அதில் திருகிப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் சரியான மரை. அகலமான மரை உள்ள இடத்தில் நெருக்கமான மரை உள்ள போல்ட்டை ஸ்பேனர் போட்டுத் திணித்தால் உள்ளே போகும், ஆனால் மரை செத்துவிடும்.

பிளாஸ்டிக் கிளிப் உள்ள இடத்தில் ஓட்டையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கடைகளில் 6, 7, 8, 10 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் 8 மில்லிமீட்டர் ஓட்டையில் 7 மில்லிமீட்டர் கிளிப் நிற்காது. கிளிப் என்பது லைனர் மாதிரி சும்மா இருக்கிற பொருளைப் பிடித்துவைக்கத்தான். காற்றில் அடிபட்டு, சேறு சுமந்து ஆடுகிற ஃபிளாப்பை கிளிப்பை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். ஒரு ஃபிளாப்புக்குக் குறைந்தது இரண்டு இடத்தில் உலோகம் இருக்கட்டும், மூன்றாவதாக வேண்டுமானால் கிளிப்.

அப்புறம், நான் ரொம்ப நம்புகிற முறை. பம்பர் ஓரத்தின் பின்பக்கம் கை நுழைகிற மாதிரி இருந்தால் போல்ட், நட், வாஷர்தான். எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். தலைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர், அது எல்லா வீட்டு டூல் பாக்ஸிலும் இருக்கும். நட் மட்டும் நைலாக் நட்டாக வாங்குங்கள். உள்ளே ஒரு நைலான் வளையம் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை அல்லது நீலம், அது மரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதிர்வில் தளராது. ஒருமுறை கழற்றினால் அந்தப் பிடி குறைந்துவிடும், அதனால் திரும்ப மாட்டும்போது புது நட் போடுங்கள்.

நீளத்தைக் கண்மதிப்பில் வாங்காதீர்கள். ஃபிளாப் 3, லைனர் 2, பம்பர் ஓரம் 3, இரண்டு வாஷர் சேர்ந்து சுமார் 3, நைலாக் நட் உயரம் 6, நட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டிய மரை 2. கூட்டினால் 19 மில்லிமீட்டர் வருகிறது, எம்6 x 20 போல்ட் வாங்கலாம். உங்கள் வண்டியின் அளவுகளை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். நைலான் வளையத்தைத் தாண்டி மரை வெளியே தெரியவில்லை என்றால் நைலாக் நட் போட்டதில் பயனே இல்லை.

வாஷரைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். சாதாரண எம்6 வாஷரின் வெளி விட்டம் 12 மில்லிமீட்டர். அகல வாஷர், அதாவது ஃபெண்டர் வாஷர் என்று கேட்டால் 18 மில்லிமீட்டரில் கொடுப்பார்கள். ஃபிளாப்பின் ஓட்டை கிழிவது ரப்பரை ஒரு சின்ன வட்டம் மட்டும் இழுப்பதால்தான். அந்த இழுப்பை அகலமாகப் பரப்பிவிட்டால் கிழியாது. ஃபிளாப் பக்கம் ஒன்று, பம்பர் பிளாஸ்டிக் பக்கம் ஒன்று, இரண்டு பக்கமும் போடுங்கள்.

பின்னால் கை நுழையாது, பழைய ஓட்டையும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் ஓரம்தான் இருக்கிறது என்றால் அந்த ஓரத்தில் ஒரு யூ-நட்டைச் செருகி அதில் ஸ்க்ரூ போடுங்கள். தானே மரை போட்டுக்கொண்டு உள்ளே போகிற செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை நேராக பிளாஸ்டிக்கில் ஏற்றினால் இரண்டு தடவை கழற்றி மாட்டியதும் ஓட்டை பெரிதாகிவிடும். செல்ஃப் டேப்பிங்தான் வழி என்றால் 8ம் நம்பர் 4.2 மில்லிமீட்டர் தடிமன், 10ம் நம்பர் 4.8. இதற்கு மேல் பெரிதாகப் போக வேண்டாம்.

பாடி தகட்டில் டிரில் போடுவது கடைசி வழி. அந்த ஓட்டையிலிருந்துதான் துரு ஆரம்பிக்கும், பிற்பாடு அந்த இடத்துக்கு வாரண்டி கேட்கும்போது தகராறு வரலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் தகட்டுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள். பின் சக்கரத்தை ஒட்டி ஒயரிங் போகலாம், பெட்ரோல் ஊற்றுகிற குழாய் இருக்கலாம். எலக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அந்தப் பக்கமே கை வைக்க வேண்டாம், சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள். டிரில் போட்டபின் ஓட்டையின் ஓரத்தை அரத்தால் மழித்து, பிரைமர் தொட்டு, டச்-அப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகுதான் ஸ்க்ரூ. ஈரப் பெயின்ட்டில் திருகினால் பெயின்ட் சுருண்டு வந்துவிடும், திரும்பவும் பெயின்ட் இல்லாத வெறும் தகடுதான் மிஞ்சும்.

எந்த உலோகம் என்று கேட்டால், பளபளவென்று ஜிங்க் பூச்சு உள்ள சாதாரண போல்ட் உள்ளூர் ஓட்டத்துக்கு சில வருடம் தாங்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர் என்றால் எஸ்எஸ் 304, அதாவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை வாங்குங்கள், தலையில் ஏ2 என்று அடித்திருக்கும். எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நைலாக் நட்டை வேகமாக முடுக்கினால் மரையும் மரையும் ஒன்றோடொன்று கவ்விப் பிடித்து, முன்னாலும் போகாது பின்னாலும் வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் துளி கிரீஸ் தொட்டு மெதுவாகக் கையால் திருகினால் இந்தப் பிரச்சனை வராது. நட் கழலாமல் இருக்க மரையில் விடுகிற பசையை இங்கே தொடவே வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக்கில் அது பட்டால் வெடிப்பு விடும். நைலாக் நட்டே போதும்.

ரிவெட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். நன்றாகத்தான் நிற்கும், ஆனால் லைனரைக் கழற்ற வேண்டி வரும்போது டிரில் போட்டு உடைக்க வேண்டியிருக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

இதில் டயர்தான் ரொம்ப முக்கியம். ஸ்க்ரூவின் கூர் முனையோ போல்ட்டின் வெட்டிய முனையோ எந்தக் காரணத்துக்காகவும் டயரைப் பார்த்து இருக்கக் கூடாது. தலை டயர் பக்கம், நட் அந்தப் பக்கம். தலையும் மேடாக இல்லாமல் தட்டையாகப் படிகிற வகையாக இருக்கட்டும். மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயருக்கும் போல்ட் தலைக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டியில் நான்கு பேரும் டிக்கியில் சாமானும் ஏறினால் பாடி இன்னும் கீழே இறங்கும், அதையும் கணக்கில் வைத்து இடைவெளி விடுங்கள்.

இறுக்குவதற்கு இம்பாக்ட் கன், அதாவது தட்டித் தட்டி வேகமாக முடுக்குகிற மெஷின் வேண்டாம். ஸ்பேனரைக் கையால் பிடித்து, வாஷரைச் சுற்றி ரப்பர் லேசாகப் பிதுங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கால் சுற்று போட்டால் பம்பர் பிளாஸ்டிக் உள்வாங்கிவிடும். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் பாதி இறுக்கி, ஃபிளாப் நேராக நிற்கிறதா என்று நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முழுதாக இறுக்குங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மழை இல்லாத ஒரு காலையில் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் படிந்திருக்கும், ஒன்றிரண்டு இடத்தில் லேசாக இறுக்க வேண்டி வரும். கூடவே நான்கு போல்ட், நான்கு நைலாக் நட், நான்கு அகல வாஷர் என்று ஒரு சின்ன கவரில் போட்டு கிளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.