குவாஷ் மனு: மதுரைக்குப் புறப்படும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மறியல் செய்தவர்கள் மீது பதிவான வழக்கு, சம்மன் வரும்வரை பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. வந்ததும், "உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கையே ரத்து செய்யக் கோரும் குவாஷ் மனு போட்டால் முடிந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். முடியலாம், ஆனால், எதை வைத்துப் போடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

"அன்று நான் கடலில் இருந்தேன்" என்று கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுத்த அனுமதி டோக்கனை இணைத்து மனுப் போடுவது முதல் தவறு. அந்த டோக்கன் உண்மையானதா, அதில் குறிப்பிட்டவர் படகில் ஏறினாரா என்பதெல்லாம் சாட்சிகளை விசாரித்து நடுவர் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியவை. உயர் நீதிமன்றமோ, முதல் தகவல் அறிக்கையிலும் குற்றப்பத்திரிகையிலும் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகிறதா, வழக்குத் தொடரச் சட்டத்தடை உள்ளதா என்றே பார்க்கும். பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த, ரத்து செய்யத்தக்க ஏழு வகை வழக்குகளும் பெரும்பாலும் இதைச் சுற்றியவையே.

ஆகவே வழக்குக் கட்டைப் பிரித்ததும் பிரிவுகளையும் தேதிகளையும் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு (அரசு ஊழியரின் உத்தரவை மீறியது) என்றால், சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தாரா, காவல்துறையின் குற்றப்பத்திரிகை மட்டும்தானா? 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188, 341 (வழிமறித்தல்) ஆகிய பிரிவுகள் மட்டுமே இருந்தால், அதிகபட்சத் தண்டனை ஆறு மாதமே என்பதால், நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கான கால வரம்பு ஓராண்டு. தாமதத்தை மன்னித்த உத்தரவு இல்லாமல் அதற்குப் பின் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால், டோக்கனைவிட அந்த ஒரு தேதி வலுவானது. கடல் அட்டை வழக்கிலும் இப்படித்தான்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி புகார் கொடுக்கத் தகுதியுள்ளவர்தான் கொடுத்தாரா என்று முதலில் பாருங்கள்.

உயர் நீதிமன்றத்தில் மனுவுக்கு எண் கிடைத்ததும் வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடுவது இதைவிட ஆபத்தானது. மனு நிலுவையில் இருப்பது வேறு, இடைக்காலத் தடை வேறு. தடையில்லாதபோது ராமேஸ்வரத்தில் பெயர் கூப்பிடுகையில் ஆள் இல்லையென்றால் பிடிவாரண்டுதான்.

சமரசமாகிவிட்டது என்றாலே ரத்தாகும் என்பதும் தவறு. உச்ச நீதிமன்றத்தின் கியான் சிங் தீர்ப்புக்குப் (2012) பிறகு தனிப்பட்ட தகராறுகளுக்கு அந்த வழி உண்டு. கொலை, பாலியல் வன்கொடுமைக்குக் கிடையாது. சட்டமே சமரசத்துக்கு இடம்தரும் சிறு வழக்குக்கு மதுரைவரை போகவும் வேண்டாம், நடுவரிடமே முடித்துக்கொள்ளலாம்.

2024 ஜூலை 1 முதல் குவாஷ் மனுவுக்கு வழிசெய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவுக்குப் பதில் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528 வந்திருக்கிறது; முன்பு போட்டுத் தள்ளுபடியான மனு இருந்தால், அதை மறைக்காமல் எண்ணோடு குறிப்பிட்டுவிடுங்கள்.