ஆற்றின் நீர்மட்டமும் நீரோட்டமும்: அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்டால், பலரும் பாலத்தூணில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து "ஆறடி போகுது" என்று சொல்வார்கள். ஆறடி என்பது மட்டம். எவ்வளவு போகிறது என்பது ஓட்டம், அதாவது வினாடிக்கு இத்தனை கனஅடி அல்லது இத்தனை கனமீட்டர் (ஒரு கனமீட்டர் சுமார் 35.3 கனஅடி). மட்டத்தை ஒரு அளவுகோலோ சென்சாரோ வைத்து இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கலாம். ஓட்டத்தை அப்படி இடைவிடாமல் அளப்பது பெரும்பாடு. ஆகவே மட்டத்தை அளந்து, அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். திரையில் நாம் பார்க்கும் ஓட்ட எண்களில் பெரும்பாலானவை இப்படிக் கணக்கிட்டு வந்தவைதான். இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலில் அளவுகோலின் பூஜ்யம். அது ஆற்றின் அடிமட்டம் இல்லை. நிலையத்தை நிறுவியவர்கள் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த ஓர் உயரம், அவ்வளவுதான். அளவுகோல் 1 மீட்டர் காட்டினால் ஆழமும் 1 மீட்டர் என்று நினைத்து இறங்குவது ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழே மட்டம் போன பிறகும் ஆறு ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நிலையங்களின் மட்டங்களை அப்படியே ஒப்பிட்டு "அங்கே தண்ணீர் அதிகம்" என்று சொல்வதிலும் பொருளில்லை. வெள்ளத்தில் சாய்ந்த அளவுகோலைத் திரும்ப நடும்போது, கரையில் உள்ள நிலையான உயரக் குறியிலிருந்து மட்டம் பார்த்து நட வேண்டும். கண் மதிப்பில் நட்டால் அன்றிலிருந்து வரும் ரீடிங் எதையும் பழையதோடு சேர்க்க முடியாது.

அலகுக் குழப்பத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கனஅடி என்று செய்தியில் வருவது வினாடிக்கான ஓட்டம், டி.எம்.சி. என்பது மொத்தக் கொள்ளளவு, அதாவது 100 கோடி கனஅடி. வினாடிக்கு சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மட்டத்தை ஓட்டமாக மாற்றித் தரும் கோட்டுக்கு ரேட்டிங் வளைவு என்று பெயர். வெவ்வேறு மட்டங்களில் ஆற்றுக்குப் போய் ஓட்டத்தை நேரடியாக அளந்து, அந்தப் புள்ளிகளின் வழியே வரைவது அது. ஒருமுறை வரைந்துவிட்டால் என்றைக்கும் செல்லும் என்று நம்புவதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. ஒரு பெரிய வெள்ளம் மணலை அரித்துக்கொண்டு போனால் படுகை தாழும், அதே மட்டத்தில் முன்பைவிட அதிகத் தண்ணீர் போகும். வண்டல் படிந்தால் இதற்கு நேர்மாறு. கோடையில் செடிகொடிகள் மண்டி நீரைத் தடுக்கும்போது, ஓட்டம் கூடாமலேயே மட்டம் ஏறும். ஆகவே ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும், நடுநடுவே சாதாரண நாட்களிலும், நேரில் அளந்து வளைவு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். சென்சார் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு இந்த நேரடி அளவீட்டுக்கு ஒன்றும் ஒதுக்காத திட்டங்கள் உண்டு. அவற்றின் ஓட்ட எண்களை நான் நம்பமாட்டேன்.

வளைவை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டுவது இன்னொரு தவறு. அளந்ததெல்லாம் சாதாரண நாட்களில், ஆனால் எண் வேண்டியது வெள்ளத்தன்று. கோட்டை அப்படியே மேலே இழுத்துவிடுகிறார்கள். தண்ணீர் கரை புரண்டு வயலுக்குள் பரவியதும் குறுக்குவெட்டின் வடிவமே மாறிவிடும், பழைய கோடு அங்கே பொருந்தாது. நேரில் அளந்ததில் மிக அதிகமான ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீட்டக்கூடாது என்பது நீரியலாளர்கள் வைத்திருக்கும் நடைமுறை வரம்பு.

சரி, வளைவு புதியது, எல்லைக்குள்தான் இருக்கிறோம். அப்போதும் ஏமாறலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓர் அணையின் மதகை மூடினாலோ, கடல் ஏற்றம் வந்தாலோ, கீழே வந்து சேரும் கிளையாற்றில் வெள்ளம் வந்தாலோ, தண்ணீர் பின்னோக்கித் தேங்கும். மட்டம் ஏறும், ஓட்டமோ குறைந்திருக்கும். வளைவு மட்டும் "வெள்ளம்" என்று சொல்லும். இப்படிப்பட்ட இடங்களில் மட்டத்தோடு நீர்ப்பரப்பின் சரிவையோ வேகத்தையோ சேர்த்து அளந்தால்தான் விடை கிடைக்கும். சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறுகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. வெள்ளம் ஏறும்போது நீர்ப்பரப்பு சற்றுச் செங்குத்தாகச் சரிந்திருப்பதால் வேகம் கூடுதல். இறங்கும்போது அதே மட்டத்தில் ஓட்டம் குறைவு. ஒரே மட்டத்துக்கு இரண்டு விடை! ஏறுமுகத்தில் மட்டும் அளந்து வளைவு போட்டவர், வடியும் நாட்களில் ஓட்டத்தை மிகையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நிலையத்துக்கான இடத்தை, வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுழலோ திருப்பமோ இல்லாத நேரான நீளம், அதற்குக் கீழே மட்டத்தை நிர்ணயிக்கும் உறுதியான பாறை வரிசை அல்லது தடுப்பணை: தேட வேண்டியது இதைத்தான். சிறு ஓடையில் முக்கோண வெட்டுள்ள தகட்டை வைத்து அளப்பவர்கள், தகட்டை ஒட்டியே உயரத்தைப் பார்த்துவிடுகிறார்கள். வெட்டை நெருங்கும்போதே நீர்ப்பரப்பு தாழத் தொடங்கிவிடும். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் நிற்கும் அதிகபட்ச உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரமாவது, நீர் வரும் பக்கமாகத் தள்ளி அளக்க வேண்டும். இங்கே சின்னப் பிழையும் பெரிதாகும், ஏனெனில் ஓட்டம் அந்த உயரத்தின் 2.5 அடுக்குப்படி கூடுகிறது. 10 செ.மீ. உயரத்தை 5 மி.மீ. அதிகமாகப் படித்தால், ஓட்டம் சுமார் 13 சதவீதம் அதிகமாகக் கணக்காகும்.

நேரடி அளவீட்டில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. மிதவையை விட்டு அதன் வேகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி முடித்துவிடுவது அதில் ஒன்று. மேற்பரப்பில் நீர் வேகமாக ஓடும், அடியில் மெதுவாக ஓடும். சராசரிக்காக மேற்பரப்பு வேகத்தை சுமார் 0.85ஆல் பெருக்குவது வழக்கம். நீரின் வேகத்தை அளக்கும் வேகமானி இருந்தால், ஆழம் குறைந்த இடத்தில் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் வைக்க வேண்டும். அடியிலிருந்து 0.6 என்று தலைகீழாக வைப்பவர்கள் நிறையப் பேர். ஆழம் முக்கால் மீட்டரைத் தாண்டினால் 0.2, 0.8 ஆகிய இரு ஆழங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. ஆற்றின் அகலத்தை ஐந்தாறு துண்டாகப் பிரித்தால் போதாது. இருபத்தைந்து, முப்பது வேண்டும், எந்த ஒரு துண்டிலும் மொத்த ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. படகிலிருந்து ஒலியலை அனுப்பி அளக்கும் கருவி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெள்ளத்தில் அடிமணலே நகரும்போது, அதை நிலையான தரை என்று நம்பும் கருவி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும். மணல் நகர்கிறதா என்ற சோதனையை முதலில் செய்துவிட்டு அளங்கள்.

அப்புறம் சென்சார்கள். நீருக்குள் போடும் அழுத்த சென்சாரில், காற்றுக்குழாய் (சென்சாரை வெளிக்காற்றோடு இணைக்கும் மெல்லிய குழாய்) இல்லாத வகை, தண்ணீரின் அழுத்தத்தையும் மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) மாற்றம் என்பது சுமார் 1 செ.மீ. தண்ணீருக்குச் சமம். புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், திருத்தாத சென்சார் மட்டத்தை 20 செ.மீ. குறைத்துச் சொல்லும், அதுவும் வெள்ளம் வரப்போகும் நேரத்தில். திருத்துகிறேன் என்று வானிலை அறிக்கையின் அழுத்தத்தை எடுத்துக் கழிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அது வழக்கமாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட எண். நிலையம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் இருந்தாலே சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். காற்றுக்குழாய் உள்ள வகை வாங்கினால் இந்தத் திருத்தம் தேவையில்லை, ஆனால் குழாயில் ஈரம் புகாமல் காக்கும் உலர்த்தியை அவ்வப்போது மாற்ற வேண்டும். பாலத்தில் தொங்கியபடி மட்டத்தை அளக்கும் ரேடாருக்கு வேறு எதிரிகள்: சிலந்தி வலை, பறவைக்கூடு, அலைக்குக் குறுக்கே வரும் தூண். எந்த வகையானாலும், நேரில் போகும்போதெல்லாம் அளவுகோலையும் சென்சாரையும் ஒரே நேரத்தில் படித்து ஒப்பிட்டு எழுதிவையுங்கள். அளவுகோல் ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால், நான் அளவுகோலின் பக்கம்தான்.

நேர இடைவெளியிலும் கவனம் வேண்டும். சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் வெள்ளம் சில மணி நேரத்தில் வந்து வடிந்துவிடும். தினமும் காலையில் ஒரு முறை படிப்பவரின் பதிவேட்டில் அது வந்த தடமே இருக்காது. தானியங்கிக் கருவி வைக்க வழியில்லை என்றால், துளையிட்ட குழாய்க்குள் ஒரு கோலும் கொஞ்சம் கார்க் தூளும் போட்டுக் கரையில் நட்டுவைக்கலாம். நீர் ஏறிய உச்சத்தில் தூள் கோலில் ஒட்டிக்கொள்ளும்.

தரவைச் சுத்தப்படுத்தும்போது கைக்கு வேகம் வேண்டாம். வரைபடத்தில் திடீரெனக் குத்திட்டு நிற்கும் புள்ளியைப் பிழை என்று அழித்துவிடுவார்கள், அது உண்மையான திடீர் வெள்ளமாக இருந்திருக்கும். மழைப்பதிவு, மேலே உள்ள நிலையம், கரையில் படிந்த சேற்றுத்தடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அசல் பதிவை அழிக்காமல் திருத்தத்தைத் தனியே வையுங்கள். உடனுக்குடன் வெளியாகும் எண்கள் பின்னால் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதையும் பயன்படுத்துபவர்கள் மறக்கக்கூடாது. கவனமாகச் செய்த நேரடி அளவீட்டிலேயே 5 சதவீதம் வரை பிழை இருந்தால் அது நல்ல அளவீடுதான். அதிலிருந்து கணக்கிட்ட ஓட்டத்தை 1,247.63 கனஅடி என்று எழுதாமல், 1,250 என்று எழுதினாலே போதும்.