காலைச் சுற்றி வரும் பூனை: வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பூனைக்குட்டி வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் ஆனதும் அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுதான். "ஒரு நிமிஷம் தனியா இருக்க விட மாட்டேங்குது. பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியே நின்னு கத்துது."

தடுப்பூசி போட வேண்டும், மண் தட்டைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். இன்று பல வருடம் பூனை வளர்த்துப் பழகியவர்களும் ஒரு காலத்தில் செய்து, புதிதாக வருபவர்கள் இப்போதும் அப்படியே செய்கிற தவறுகள்தான் இங்கே.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கத்துவதும் காலைச் சுற்றுவதும் லேப்டாப் மேல் ஏறிப் படுப்பதும் அடம் இல்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிகக் குறைவு. அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதருக்காகவே. மனிதர் அதற்கு எழுந்து வருகிறார், கிண்ணத்தை எடுக்கிறார், திட்டவாவது செய்கிறார். எந்தக் கத்தலுக்கு எது கிடைத்தது என்பதைப் பூனை மறப்பதில்லை.

கண்ணில் நீலம் போகாத குட்டியைத் தூக்கி வருவது

கண் இன்னும் சாம்பல் நீலமாக இருக்கிறதென்றால் குட்டிக்குப் பெரும்பாலும் ஏழு வாரம்கூட ஆகவில்லை. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் குறைந்தது 8 வாரம் இருக்க வேண்டும். 12 வாரம் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும், தாய் தள்ளிவிட்டால் தனியாக எப்படி இருப்பது என்பதையெல்லாம் அந்த வாரங்களில்தான் கற்றுக்கொள்கிறது. ஐந்தாவது வாரத்தில் அட்டைப்பெட்டியில் போட்டு வந்த குட்டிக்கு அந்தப் பாடம் எல்லாமே பாக்கி. பிறகு அது உங்கள் காது மடலைச் சப்பும். போர்வையின் ஓரத்தை வாயில் வைத்து, முன்னங்கால்களால் மாறி மாறி அமுக்கிக்கொண்டே மணிக்கணக்கில் உறிஞ்சும். துணியைச் சப்புவதோடு நின்றால் பயமில்லை. கடித்து விழுங்குகிறதென்றால் அந்தத் துணியைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள்.

தாய் வண்டியில் அடிபட்டுப் போய், வேறு வழியில்லாமல் சிறு குட்டியை எடுத்திருந்தால், அதே வயதுக் குட்டி இன்னொன்றையும் சேர்த்து எடுங்கள். செலவு கூடும், ஆனால் உங்கள் மீது விழும் பாரம் பாதியாகும். ஒன்றையொன்று துரத்தும், கடிக்கும், ஒன்றாகச் சுருண்டு தூங்கும். ஒற்றைக் குட்டிக்கு அந்த மூன்று வேலையையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

பசியைப் பாசம் என்று நினைப்பது

நம் வீடுகளில் பூனை என்றாலே பால் சோறு. வயிறு நிரம்பும், சத்து சேராது. பூனை மாமிச உணவை நம்பி வாழும் பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதிய அளவு தயாரிக்க அதனால் முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நீண்ட நாள் குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். அதோடு, தாய்ப்பால் மறந்த குட்டிகளில் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும்.

பால் சோறு தின்னும் குட்டி நாள் முழுக்க அடுப்படியை விட்டு நகராது. மீன் கழுவுகிற சத்தம் கேட்டால் பாய்ந்து வரும், புடவையைப் பிடித்து ஏறும். "எங்க மேல அவ்வளவு உயிர்" என்பார்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியோ குட்டிகளுக்கான தீவனமோ பத்து நாள் முறையாகக் கொடுத்துப் பாருங்கள். பாதிக் கத்தல் நின்றுவிடும். நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை. வளர்ந்த நான்கு கிலோ பூனைக்கு உலர் தீவனம் மட்டும் என்றால் நாளைக்குச் சுமார் 50 முதல் 60 கிராம். அதைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் விழும். வீட்டில் செய்யும் கோழி இறைச்சியை மட்டுமே வைத்து மாதக்கணக்கில் ஓட்டவும் கூடாது. சத்துகள் சேர்த்த தீவனம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும். குழம்பு மீன் வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிண்ணத்தை நிரப்புவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் பூனையை வீட்டைவிட்டு அனுப்பும் முடிவு வரை கொண்டுபோவது பல நேரம் இதுதான்.

தொடங்குவது சின்னதாகத்தான். அந்தி நேரமும் விடியும் நேரமும் பூனைக்கு வேட்டை நேரம். நான்கு மணிக்கு அதற்கு விழிப்பு வருவது இயற்கை. வந்து முகத்தை முகர்ந்து பார்க்கும், ஒரு தடவை கத்தும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஒரு பிடி தீவனத்தைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வீர்கள். பூனை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும். பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். அடுத்த வாரம் மூன்றே முக்கால். அதற்கடுத்த வாரம் மூன்றரை.

இதைவிட மோசமானது, பாதியில் மனம் மாறுவது. ஒரு அடுக்குமாடி வீட்டில் நடந்தது: இனி எழுந்திருக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நான்கு நாள் யாரும் அசையவில்லை. பூனை முதல் நாள் பத்து நிமிடம் கத்தியது, நான்காம் நாள் முக்கால் மணி நேரம் கத்தியது, கதவைப் பிறாண்டியது, மேசை மேலிருந்த தம்ளரைத் தள்ளிவிட்டது. ஐந்தாம் நாள் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "பச்சைப் புள்ள மாதிரி அழுவுதுடா" என்று எழுந்து போய்ப் போட்டுவிட்டார். அந்தப் பூனை அன்று கற்றது இதுதான்: பத்து நிமிடம் போதாது, முக்கால் மணி நேரம் கத்த வேண்டும், தம்ளரையும் தள்ள வேண்டும்.

தூண்டில் போடுகிறவரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மீன் சிக்குவதில்லை, என்றைக்காவது சிக்குகிறது. அதனால்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். எப்போதும் கிடைக்கும் பழக்கத்தைவிட, எப்போதாவது கிடைக்கும் பழக்கம் உடைவது கடினம். தினமும் நான்கு மணிக்குப் போட்டு வந்தவர்கள்கூட இரண்டு மூன்று வாரத்தில் மீண்டுவிடுகிறார்கள். ஒரு நாள் போட்டு, இரண்டு நாள் போடாமல், மறுபடி ஒரு நாள் போட்டவர்கள்தான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

மாற்ற வேண்டுமானால் வேலை இரவிலேயே தொடங்க வேண்டும். படுப்பதற்கு முன், சுமார் ஒன்பதரை மணிக்கு, குச்சியில் கட்டிய இறகை வைத்து 10 முதல் 15 நிமிடம் விளையாட்டு. இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் அது சும்மா பார்க்கும். எலி ஒருபோதும் பூனையைத் தேடி வராது, ஓடிப்போகும். பாய்க்கு அடியில் நுழையுங்கள், கதவுக்குப் பின்னால் பாதி மறையுங்கள், ஒரு நொடி அசையாமல் நிறுத்துங்கள். பூனை உடம்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை லேசாக ஆட்டி, கண் விரிந்து நிற்கும். அப்போது சட்டென்று இழுங்கள், பாயும். கடைசிப் பாய்ச்சலில் பிடிக்க விட்டுவிடுங்கள். உடனே அன்றைய உணவில் மூன்றில் ஒரு பங்கை வையுங்கள். வேட்டை, பிடி, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்ற வரிசை அதன் உடம்பிலேயே இருக்கிறது. குச்சியை அலமாரியில் பூட்டுங்கள், வெளியே கிடந்தால் மதிப்புப் போய்விடும்.

காலைக்கு, நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் ஒன்று வாங்குங்கள். அதைப் படுக்கையறைக்குத் தூரமாக வையுங்கள். நான்கு மணிக்குக் கத்தும் பூனையென்றால் முதலில் 3:50க்கு வையுங்கள். கத்துவதற்கு முன்பே சாப்பாடு வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே போய் ஐந்தரை, ஆறு மணியில் நிறுத்துங்கள். பூனை அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் காத்திருக்கும், உங்களை எழுப்பாது. கிண்ணம் வாங்க முடியாதவர்கள் ஒன்று செய்யலாம்: எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாடு வைக்காதீர்கள். பல் துலக்கி, காபி குடித்து, அரை மணி நேரம் கழித்து வையுங்கள். நீங்கள் எழுவதற்கும் கிண்ணம் நிரம்புவதற்கும் உள்ள முடிச்சு அப்போதுதான் அவிழும்.

இடையில் கத்தினால் பதில் எதுவுமே கூடாது. பெயர் சொல்லி அதட்டுவதும், தலையணையை வீசுவதும், கையால் தள்ளுவதும்கூடப் பூனைக்குப் பதில்தான். முதல் சில நாள் கத்தல் கூடும். அது முறை தோற்றதற்கு அடையாளம் இல்லை, பழைய வழி பலிக்காததால் பூனை இன்னும் பலமாக முயல்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரே ஒருவர் உடன்படவில்லை என்றாலும் தொடங்கவே வேண்டாம். பாட்டியிடம் முதலில் பேசுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

இதெல்லாம் நான்கு மாதம் தாண்டிய, நோயில்லாத, வயிறார உண்ணும் பூனைக்கு மட்டும். அதற்கும் சின்னக் குட்டியின் வயிறு இரவு முழுக்கத் தாங்காது. படுக்கும் முன் ஒரு வேளை கொடுங்கள், பழைய புடவையில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள், உங்கள் அறையிலேயே தூங்க விடுங்கள். இரண்டு மாதக் குட்டியை இருட்டறையில் பூட்டி அழவிட்டால் பழக்கம் வராது, பயம்தான் வரும்.

பகலில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து உட்காரும் நேரத்தில் கூப்பிட்டுத் தடவிக்கொடுங்கள். அமைதியாக இருந்தாலும் கவனம் கிடைக்கும் என்று யாராவது அதற்குக் காட்ட வேண்டும்.

கையை விளையாட்டுப் பொருளாக்குவது

எட்டு வாரக் குட்டி விரலைக் கடித்தால் கூசும். எட்டு மாதத்தில் அதே கடி தோலுக்குள் இறங்கும். பூனை மாறவில்லை, பல்தான் வளர்ந்திருக்கிறது. விரலை ஆட்டிக் காட்டி விளையாடாதீர்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம், ஓடும் இரையை விடாமல் பிடிப்பது அதன் இயல்பு. கையை அசையாமல் வைத்து, பிடி தளர்ந்ததும் எடுத்துக்கொண்டு, எழுந்து போய்விடுங்கள். தடவும்போது கன்னம், தாடை, காதோரம் போதும். வால் நுனி துடித்தாலோ, காது பின்னால் திரும்பினாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ நிறுத்த வேண்டும். வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கை, தொடுவதற்கு அழைப்பு இல்லை.

தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டி கடித்தாலோ கீறினாலோ 'சின்னக் கீறல்தானே' என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ரேபிஸ் பூனையாலும் வரும்.

நூலைக் கொடுத்து உட்கார வைப்பது

தொந்தரவு தாங்காமல் நூற்கண்டையோ ரப்பர் பேண்டையோ உருட்டிவிடுகிறார்கள். தலையிலிருந்து எடுத்துப் போட்ட மல்லிகைச் சரத்தையும் பூனை வாசனைக்காக மெல்லும். அதன் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை, வாய்க்குள் போன நூலைத் துப்புவது கடினம். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருக்குப்பை போலச் சுருங்கும், அறுபடவும் செய்யும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

நூலுக்குப் பதிலாக, முட்டை வாங்கும் அட்டைத் தட்டின் குழிகளில் பத்து இருபது தீவனத் துண்டுகளைப் போட்டு வையுங்கள். அரை மணி நேரம் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கும்.

லேசர் விளக்கு

பிடிக்கவே முடியாத இரை. வேண்டாம்.

தண்ணீர் பீய்ச்சுவது

பூனை உங்களுக்குப் பயப்படும், பழக்கம் அப்படியே இருக்கும்.

வாஷிங் மெஷின்

பின்னாலேயே வரும் குட்டி, துணிக்குள் சுருண்டுகொள்ளும். பொத்தானை அழுத்தும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

பருவத்துக்கு வந்ததைச் செல்லம் என்று நினைப்பது

ஐந்து மாதப் பெண் பூனை திடீரென்று தரையில் புரண்டு, எல்லோர் காலிலும் உரசி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் அடித்தொண்டையில் கத்துகிறதா? அது ஹீட்டுக்கு வந்திருக்கிறது. சில பூனைகள் நான்கு மாதத்திலேயே வந்துவிடும். சுமார் ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். கொஞ்சுவதாலோ கண்டுகொள்ளாமல் விடுவதாலோ இது நிற்காது, கருத்தடை அறுவை ஒன்றே வழி. "ஒரு ஈத்து ஈனட்டும், அப்புறம் பண்ணலாம்" என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அது ஒன்பது வாரத்தில் வீடு தேட வேண்டிய நான்கு குட்டிகளாக முடியும்.

நோயின் கத்தலை ஏக்கத்தின் கத்தல் என்று விட்டுவிடுவது

பத்து வயதைத் தாண்டிய பூனை புதிதாக இரவில் ஊளையிடுகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஆண் பூனை விஷயத்தில் அவகாசம் இன்னும் குறைவு. மண் தட்டுக்குப் போகும், குந்தி முக்கும், வெளியே வந்து உங்களைப் பார்த்துக் கத்தும், மறுபடி போகும், பின்பக்கத்தை விடாமல் நக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்கள் உண்டு. புகட்டாதீர்கள். மண்ணைக் கிளறிப் பாருங்கள். வளர்ந்த பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நான்கு முறை சிறுநீர் கழிக்கும், சிறுநீர் பட்டால் கட்டியாகும் மண்ணென்றால் அத்தனை கட்டிகள் இருக்க வேண்டும். கட்டியே இல்லை, அல்லது பட்டாணி அளவில் சிதறிக் கிடக்கிறது என்றால் சிறுநீர்த் தாரை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிரம்பிய பை உடையக்கூடும். இரவு பதினோரு மணியானாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இப்போதே தெரிந்துகொண்டு, எண்ணை ஃபோனில் பதிந்து வையுங்கள்.